ஆரம்ப சூரரின் வெள்ளிக்கிழமை

கொங்கு நாட்டிலிருந்து கடல் தாண்டிப் போனவர்கள் பலர் உண்டு, போய்த் திரும்பி வந்து அங்கே பார்த்த பாலத்தையும் பனியையும் பற்றி வாய் ஓயாமல் சொன்னவர்களும் உண்டு. ஆனால் வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குப் பிடித்த ராகு காலம் பன்னிரண்டு மணிக்கு விடாமல் விமானத்துக்குள்ளேயே உட்கார்ந்து அமெரிக்கா வரைக்கும் கூட வந்ததை அனுபவித்தவர், கிணத்துக்கடவுப் பக்கத்தில் நாச்சிமுத்து ஒருவர்தான். அவர் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஆகவே மற்றவர்கள்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஊர் அவருக்கு வைத்த பெயர் ஆரம்ப சூரர். முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள், அவரும் அதை ஒரு பட்டம்போல ஏற்றுக்கொண்டு சிரிப்பார். தேனீ வளர்க்கிறேன் என்று பெட்டிகளை வாங்கி வந்து தோப்புக்குள் வைத்து, முதல் ஈ கொட்டிய அன்றைக்கே அதை விட்டுவிட்டுக் காளான் வளர்ப்புக்குப் போனவர். இந்தி படிக்கிறேன் என்று புத்தகம் வாங்கி அதில் முதல் பாடத்து மாம்பழத்தோடு நிறுத்தியவர். வீட்டுக்கு மேலே மாடி எழுப்புகிறேன் என்று நல்ல நாள் பார்த்துச் செங்கல் வைத்து, சுவர் இடுப்பு உயரம் வந்ததும் சொட்டு நீர்க் குழாய் பதிக்கப் போனவர். கம்பிகள் மட்டும் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு துருப்பிடித்து நின்றன, அவற்றில் காக்கைகள் உட்கார்ந்து தலைமுறை தலைமுறையாக ஊர் நியாயம் பேசின.

அவர் விட்டதையெல்லாம் எடுத்து முடித்தது அவர் மனைவி ருக்குமணி. தேனீக்களிடம் கொட்டு வாங்கி வாங்கியே அவற்றோடு சிநேகமாகி, இன்றைக்குப் பொள்ளாச்சிச் சந்தை வரைக்கும் தேன் போகிறது என்றால் அவளால்தான். இந்திப் புத்தகத்தை மாம்பழத்திலிருந்து தொடர்ந்து படித்து, கடைசிப் பரீட்சை வரை எழுதித் தேறியவளும் அவள்தான்; அதை வைத்துக்கொண்டு அந்த ஊரில் யாரோடு பேசுவது என்று மட்டும் தெரியவில்லை. மாடி ஒன்றுதான் அவள் கைக்கு அடங்காமல் நின்றது. கொத்தனார் வரும்போதெல்லாம் நாச்சிமுத்து குறுக்கே வந்து புதிதாக ஒரு படம் போட்டுக் காட்டுவார், கொத்தனார் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவார்.

இப்படிப்பட்டவருக்குத்தான் கலிபோர்னியாவில் இருக்கும் மகன் தாமு டிக்கெட் போட்டுவிட்டு ஒரு புத்திமதியும் அனுப்பியிருந்தான். “அப்பா, துபாய்ல வண்டி மாறுனதுக்கப்புறம் பதினாறு மணி நேரமுங்க. சும்மா உக்காந்திருந்தா கிறுக்குப் புடிச்சுரும். நேரத்த வீணாக்காம எதாச்சும் புதுசாக் கத்துக்கங்க.” குரங்குக்குக் கள் ஊற்றிக் கொடுத்த மாதிரி ஆயிற்று. அடுத்த வாரமே நாச்சிமுத்துவின் கைப்பையில் ஸ்பானிஷ் மொழிப் புத்தகம் ஒன்றும், படம் வரையத் தாளும் பென்சில்களும், காந்தம் வைத்த சதுரங்கப் பலகையும், எண்களைக் கட்டத்தில் நிரப்பும் புத்தகமும், மூச்சுப் பயிற்சி பற்றிய சிறு நூலும் சேர்ந்துவிட்டன. எல்லாமே உறை பிரிக்காதவை. பதினாறு மணி நேரம் எழுந்து ஓட முடியாமல் வாரால் கட்டி உட்காரவைத்து ஆரம்பிக்கச் சொல்கிறார்கள் என்பது அவருக்குச் சொர்க்கத்திலிருந்து வந்த அழைப்பாகவே பட்டது.

புறப்படுவதற்கு நேரம் சரியில்லை என்று ஜோசியர் சொன்னதால், புதன்கிழமையே நல்ல ஓரையில் ஒரு பெட்டியைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்து பரஸ்தானம் செய்தாகிவிட்டது. பெட்டி கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பின கணக்கு. ஆனாலும் வியாழன் சாயங்காலம் கார் வந்து வாசலில் நின்றபோது நாச்சிமுத்து பரபரத்தார். நடையில் நின்றுகொண்டு ருக்குமணி, ஏதோ வெகுநாள் யோசித்து வைத்ததை எடுப்பவள்போல முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “ஏனுங்க, நான் இந்தத் தடவ...” என்று ஆரம்பித்தாள்.

“அட, அங்க போயிப் பேசிக்கலாம் புள்ள, நேரமாவுதுல்ல. வண்டில ஏறு மொதல்ல” என்றார் நாச்சிமுத்து.

அவள் ஏறினாள். அந்த வாக்கியம் நடையிலேயே நின்றுவிட்டதாகத்தான் அவர் நினைத்தார்.

துபாயிலிருந்து காலையில் விமானம் எழும்பி மேற்கே திரும்பிச் சூரியனோடு சேர்ந்துகொண்டது. பத்தரை ஆனது. அதற்கப்புறம் மணி ஆனதே தவிர நேரம் ஆகவில்லை. சூரியன் ருக்குமணியின் ஜன்னலில் எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்தில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. நாச்சிமுத்து கை இரண்டையும் தேய்த்துக்கொண்டு ஸ்பானிஷ் புத்தகத்தை எடுத்தார். உறை பிரியவில்லை. பல்லால் கடித்தும் பிரியவில்லை. சரியென்று பென்சிலை எடுத்தால் அது தாளில் கோடு போட மறுத்தது. எதிரே இருந்த திரையில் ஒரு சினிமாவைப் போட்டார், அது தலைப்பைக் காட்டிவிட்டு அங்கேயே நின்றது. பணிப்பெண் கொடுத்த வெந்நீரில் தேயிலைப் பையைப் போட்டவர்கள் எல்லாரும், வெந்நீர் வெந்நீராகவே இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விஷயத்தைக் கண்டுபிடித்தது நடுவரிசையில் இருந்த திருச்சி விசாலம் என்ற அம்மாள். அவள் கைப்பையில் நாள்காட்டியிலிருந்து கிழித்த அன்றைய தாள் மடித்து இருந்தது. ஊரை விட்டுக் கிளம்பினாலும் நாளை விட்டுக் கிளம்ப முடியாது என்பது அவள் கொள்கை. “வெள்ளிக்கிழமை. பத்தரை, பன்னெண்டு” என்று தாளை விரித்துக் காட்டினாள். “நாம சூரியன் கூடவே போயிட்டிருக்கோம். அதுவும் நகரல, இதுவும் முடியல. அவ்வளவுதான் விஷயம்.” விமான நிலையத்து வரிசையில் ஆரம்பித்த பேச்சை அவள் இன்னும் முடிக்கவே இல்லை, அதனால்தான் அவளால் இவ்வளவும் பேச முடிந்தது. புதிதாகப் பேச நினைத்தவர்கள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள்.

சற்று நேரத்தில் விமானி, புறப்பட்டபோது சொல்லத் தொடங்கிய அறிவிப்பின் தொடர்ச்சியாக ஒலிபெருக்கியில், முன்னால் கொஞ்சம் காற்றும் ராகு காலமும் இருப்பதாகவும், இரண்டுமே பயப்படும்படியாக இல்லை என்றும், பயணிகள் இருக்கை வாரை அணிந்துகொண்டு புதிதாக எதையும் தொடங்காமல் ஒத்துழைக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். விமானத்தைத் தரையிறக்குவது பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம், ஏறினது இறங்குவதற்குத்தான், ஆகையால் அது புது வேலையில் சேராது என்றும் சொன்னார். வெள்ளைக்காரர்களும் அரபிக்காரர்களும் கூடத் தலையாட்டினார்கள். எள்ளுதான் எண்ணெய்க்குக் காய்கிறது, எலிப்புழுக்கை எதற்குக் காய்கிறது என்று அவர்களில் யாரும் கேட்கவில்லை, கேட்பதற்கும் ஒரு வாக்கியம் தொடங்கவேண்டுமே.

பணிப்பெண் ஜெபராணி நாகர்கோவில்காரி. வாசலில் வணக்கம் சொன்னபோதே அவளுடைய உபசாரம் தொடங்கிவிட்டதால் அது தடையில்லாமல் நடந்துகொண்டிருந்தது. “எங்களுக்கு ராகு காலமெல்லாம் கிடையாது சார், நாங்க சர்ச்சுக்குப் போறவங்க. ஆனா வந்துட்டா வந்துட்டதுதான், பிடிச்சுத் தள்ளவா முடியும்?” என்று சொல்லிக்கொண்டே போனாள். ராகு காலம் பிடித்தபோது சாப்பாட்டு வண்டி பாதி வரிசைகளுக்குத்தான் பரிமாறியிருந்தது. பின்வரிசைக்காரர்கள் யாரும் புதிதாக ஒரு கவளம் எடுக்க முடியாது என்பதால், முன்வரிசைக்காரர்கள் தாங்கள் தின்று மீதி வைத்ததைத் தட்டோடு பின்னால் அனுப்பினார்கள். மிச்சம் என்பதால் அது இறங்கிற்று. எச்சில் பார்க்கும் சாதிமான்கள் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துவிட்டு, பசி வந்திடப் பத்தும் பறந்துபோய், கை நீட்டினார்கள்.

ஒரு மணி நேரத்தில் விமானம் பழகிக்கொண்டது. ஆரம்பிக்கத்தான் கூடாது, ஆரம்பித்து விட்டதை முடிப்பதற்கு ராகு குறுக்கே நிற்பதில்லை என்ற பழைய சட்டம் எல்லாருக்கும் தானாகவே விளங்கிவிட்டது. எவர் எவரிடம் என்னென்ன அரைகுறையாகக் கிடந்ததோ எல்லாம் பைகளிலிருந்தும் மடிக்கணினிகளிலிருந்தும் மனசிலிருந்தும் வெளியே வந்தன. ஒரு பெண் மகனுக்காகப் பின்ன ஆரம்பித்து விட்டுவிட்ட கம்பளிச் சட்டையைப் பின்னி முடித்தாள், மகன் இப்போது கல்லூரியில் இருந்தாலும் சட்டை இரண்டு வயதுப் பிள்ளைக்குத்தான் முடிந்தது. யாரோ ஒருவர் எப்போதோ அடக்கிக்கொண்ட அழுகையை அழுது முடித்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு தூங்கிப்போனார். நேரத்தைப் பயனுள்ளதாகக் கழிப்பது என்றால் இதுதான் என்று தாமு அங்கே இருந்திருந்தால் ஒப்புக்கொண்டிருப்பான்.

எல்லாவற்றையும் அன்றன்றைக்கே முடித்துவிடும் பழக்கமுள்ள பரமேஸ்வரன் என்ற ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி ஒருவர்தான் தவித்துப்போனார். தேடித் தேடிப் பார்த்தும் அவரிடம் பாதியில் விட்டது என்று ஒன்றுகூட இல்லை. வெறுங்கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்க்கச் சகிக்காமல், பக்கத்தில் இருந்தவர்கள் தங்களுடைய பாதிகளில் கொஞ்சம் அவருக்குக் கொடுத்தார்கள். ஒருவர் பாதி போட்ட குறுக்கெழுத்தைக் கொடுத்தார், விசாலம் அம்மாள் தான் அறுபத்து மூவர் பெயரைச் சொல்லப்போய் நடுவில் மறந்துவிட்டதைக் கொடுத்தாள். அவர் கண் கலங்கி வாங்கிக்கொண்டார்.

இந்தச் சந்தடியில்தான், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த ருக்குமணி தலையைத் திருப்பி, சாதாரணமாகச் சொன்னாள்: “...சன்னலுக்கு அடில வெக்க வேண்டாமுங்க, மழத்தண்ணி அடிக்குது.”

நாச்சிமுத்துவுக்கு ஒன்றும் புரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஞாபகம் வந்தது. கல்யாணமான மூன்றாம் நாள், ‘எங்கூட்டுல இருந்து வந்த மரப்பெட்டிய...’ என்று அவள் ஏதோ சொல்ல வர, செங்கல் சூளை ஆரம்பிக்க நல்ல நேரம் தவறிப்போகிறது என்று அவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போயிருந்தார். அந்தப் பெட்டி அந்த மழைக்காலத்திலேயே இற்றுப்போய், அதற்குள் இருந்த அவளுடைய புத்தகங்களும் ஊறிப்போய், எடுத்து எரித்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அதற்குச் சமாதானமாக எதையாவது சொல்ல வாயைத் திறந்தார். பதில் சொல்வது புதுப் பேச்சு. வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து அங்கேயே நின்றது.

“...ஒரு பத்து நாளு இருந்துட்டு வரட்டுங்களான்னு கேக்க வந்தனுங்க” என்றாள் அடுத்தபடியாக. அது அவளுடைய அப்பன் படுக்கையில் விழுந்த வருஷம். அவர் அப்போது காடை வளர்ப்புக்குக் கூண்டு செய்துகொண்டிருந்தார், அப்புறம் பாக்கலாம் என்றிருந்தார். அப்புறம் பார்க்க அப்பன் இல்லை. ருக்குமணி கோபமாகச் சொல்லவில்லை, அழுதுகொண்டும் சொல்லவில்லை. காயப்போட்ட துணியை மாலையில் ஒவ்வொன்றாக எடுத்து மடிப்பதுபோல, பழையதிலிருந்து புதியது வரைக்கும் வரிசை குலையாமல் எடுத்து முடித்துக்கொண்டே வந்தாள். முப்பத்தாறு வருஷம் அந்த வீட்டில் ஒருவர் காரியங்களைப் பாதியில் விட்டார், ஒருத்தி வாக்கியங்களைப் பாதியில் விட்டாள், வித்தியாசம் அவ்வளவுதான். அவர் விட்டதை முடிக்க அவள் இருந்தாள். ஆனைக்கொரு காலம் என்றால் பூனைக்கொரு காலம், அது ராகு காலமாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

“...கொழந்த மொதமொதலா ஒதச்சுதுங்க. உங்க கையக் குடுங்க, வெச்சுப் பாக்கலாம்னு சொல்ல வந்தன்.”

இதைக் கேட்டபோது நாச்சிமுத்துவின் கை அவரை அறியாமல் ஒரு சாண் நகர்ந்து, பிறகு எங்கே போவது என்று தெரியாமல் இருக்கையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டது. அந்தக் குழந்தைதான் டிக்கெட் போட்டிருக்கிறது. அவன் வயிற்றுக்குள் உதைத்த நாளில் தான் என்ன ஆரம்பிக்கப் போனோம் என்று யோசித்தார், அவருக்கு ஞாபகம் வரவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்படுவதையும் ஆரம்பிக்க முடியாதே என்று பார்த்தால், அது உள்ளுக்குள் முன்பே எப்போதோ ஆரம்பித்திருந்தது போலிருக்கிறது, தடையில்லாமல் பெருகி வந்தது.

பிறகுதான் அவருக்கு நடையில் விட்ட வாக்கியம் ஞாபகத்துக்கு வந்தது. ‘ஏனுங்க, நான் இந்தத் தடவ...’ வரிசை போகிற போக்கைப் பார்த்தால் கடைசியில் அதுதான் வரும். இந்தத் தடவை என்ன? இந்தத் தடவை உங்களோடு வரவில்லை என்பதா, வந்தாலும் திரும்பவில்லை என்பதா, இல்லை இதைவிட மோசமாக ஏதாவதா? இத்தனையும் கேட்ட பிறகு எந்த முடிவும் பொருத்தமாகத்தான் தோன்றியது. அவள் அங்கே வந்து சேருவதற்குள் விமானம் இறங்கிவிட வேண்டும், ராகு விலகிவிட வேண்டும், தான் எதையாவது பேசிக் குறுக்கே விழுந்துவிட வேண்டும் என்று குலதெய்வத்தை வேண்டிக்கொள்ளப் பார்த்தார். வேண்டுதலும் ஆரம்பிக்க முடியவில்லை.

அப்படியானால் தன்னிடம் பாதியில் நின்ற பேச்சு ஒன்றாவது இருக்காதா என்று தேடினார். ஊர்ப்பட்ட காரியங்களைப் பாதியில் விட்டவர், பேச்சை மட்டும் ஒருநாளும் பாதியில் விட்டதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ருக்குமணி ஒரு தடவைகூட அவரைக் குறுக்கே மறித்ததில்லை. சொன்ன எல்லாமே சொல்லி முடித்தவை, பரமேஸ்வரனுக்கு வாய்த்த தரித்திரம் இப்போது அவருக்கும் வாய்த்தது. வருஷம் வருஷமாகப் பின்னால் போய்த் துழாவினார், ஜெபராணி கொண்டுவந்து வைத்த மிச்சச் சோறு ஆறியது தெரியாமல் துழாவினார். கடைசியில், கல்யாணத்துக்கும் முந்தி, பெண் பார்க்கப் போன அன்றைக்கு ஒன்று கிடந்தது.

அன்னூரில் அவளுடைய வீட்டில், ஜமக்காளத்தில் இரு தரப்புப் பெரியவர்களும் நிறைந்திருக்க, காப்பித் தட்டோடு வந்து நின்ற பெண்ணைப் பார்த்து, அந்தக் காலத்தில் எந்த மாப்பிள்ளையும் கேட்காத ஒன்றை அவர் எல்லார் முன்னாலும் கேட்கத் துணிந்தார். அவர்தான் ஆரம்ப சூரராயிற்றே. “உங்களுக்கு என்னைய...” என்று தொடங்கியதும், அவளுடைய மாமன் பதறிப்போய், “மாப்பள, காப்பி ஆறுது பாருங்க” என்று டம்ளரைக் கையில் திணித்துவிட்டார். ஆனால் பெண்ணின் தலை லேசாக ஒரு பக்கம் போனதை எல்லாரும் பார்த்தார்கள். தலையாட்டிவிட்டாள், அப்புறம் என்ன, தட்டை மாற்றுங்கள் என்றார்கள்.

நாச்சிமுத்து தொண்டையைக் கனைத்துக்கொண்டார். வார்த்தை தடையில்லாமல் வந்தது, முப்பத்தாறு வருஷம் வாயிலேயே இருந்ததால் கொஞ்சம் உலர்ந்திருந்தது.

“...புடிச்சிருக்குதுங்களா?”

அக்கம்பக்கத்தில் பின்னிக்கொண்டிருந்தவர்களும் அழுதுகொண்டிருந்தவர்களும் கையை நிறுத்தினார்கள். ருக்குமணி அவரைப் பார்த்தாள். அந்தக் கேள்வி அவளுக்குத் தெரிந்ததுதான். அன்று ஒரு பக்கம் போய் நின்ற தலை, இவ்வளவு காலம் கழித்து அங்கிருந்து கிளம்பி, நிதானமாக மறுபக்கம் போய், நின்றது. இல்லை என்று அதற்கு அர்த்தம். அதைத் தொடர்ந்து, அன்றைக்கு அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் சொல்லத் தொடங்கி, ‘எனக்கு இந்த மாப்பள...’ என்றதும் வாய் பொத்தப்பட்டதையும் முடித்தாள்: “...வேண்டாம்மா. நான் டீச்சர் ட்ரெய்னிங் முடிக்கோணும்.”

விசாலம் அம்மாள்தான், தன் முடியாத பேச்சின் ஊடே, “அது அன்னைக்கு ஆட்டின தலைங்க. இன்னைக்குத் தலை வேற. அதை இப்ப ஆட்ட முடியாது பாருங்க, அது புதுசாச்சே” என்று சொல்லி அவர் தோளைத் தட்டினாள். மரப்பெட்டிக்குள் ஊறிப்போன புத்தகங்கள் என்ன புத்தகங்கள் என்று நாச்சிமுத்துவுக்கு அப்போது விளங்கியது. எல்லாருடைய மிச்சத்தையும் முடித்துக் கொடுத்தவளுக்குத் தன்னுடையது ஒன்று பாதியிலேயே கிடந்திருக்கிறது, அதை யாரும் எடுத்து முடித்துக் கொடுக்கவில்லை. அவருக்கு அழ வேண்டும்போல இருந்தது, அதற்கு நல்ல நேரம் வரவில்லை.

கீழே கடற்கரை தெரிந்தது. ருக்குமணி கடந்த வருஷத்து வாக்கியங்களுக்கு வந்துவிட்டிருந்தாள். தேன் அடை, மூட்டு வலி, மாடிக் கம்பியில் பருந்து கூடு கட்டியது. விமானம் சாய்ந்து வட்டமிட்டது. சக்கரங்கள் வெளியே வரும் சத்தம் கேட்டது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“...உங்ககூடத் திரும்பி...”

சக்கரம் தரையில் பட்டது. ஜன்னலில் ஒட்டியிருந்த சூரியன் சட்டென்று விலகி மேற்கே போனது, ராகு விட்டது. அந்த நொடியில், பத்தரையிலிருந்து ஆரம்பிக்க முடியாமல் நின்ற அத்தனையும் ஒன்றாக ஆரம்பித்தன. ஆறிப்போன வெந்நீரில் தேயிலை சிவந்தது. நூறு திரைகளில் நூறு படங்கள் தலைப்பைத் தாண்டி ஓடின. குழந்தைகள் வீறிட்டன, போன்கள் அடித்தன, ஸ்பானிஷ் புத்தகத்தின் உறை தானே பிரிந்துகொண்டது. நாச்சிமுத்துவின் தொண்டையிலிருந்த அடைப்பு விலகியது. இப்போது அவர் பேசலாம். இறங்கிப் பேசிக்கலாம் புள்ள, பையை எடு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த வாக்கியம் மறுபடியும் பாதியில் நின்றுவிடும். வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவர் ருக்குமணியைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார்.

அவர் வாயை மூடியதை அவள் கவனித்தாள். கொஞ்சம் ஆச்சரியப்பட்டிருக்க வேண்டும், ஏனென்றால் தொடர்வதற்குச் சற்று நேரம் பிடித்தது.

“...வரலீங்க” என்று முடித்தாள். “தாமு ஊட்டுப் பக்கத்துல சனி ஞாயிறு கொழந்தைகளுக்குத் தமிழ் சொல்லித்தர எடம் இருக்குதாம். நான் அங்க போறன். நீங்க ஊருக்குப் போங்க. அந்த மாடிய முடிச்சுப்போட்டுக் கூப்புடுங்க, வந்து பாக்கறன்.”

நாச்சிமுத்து ‘சரி’ என்று ஒரு வார்த்தை சொன்னார். அதற்கு மேல் அவர் எதையும் ஆரம்பிக்கவில்லை.

பாலத்தைப் பார்த்துவிட்டு, தாமுவின் வீட்டுப் புல்வெளியில் கீரை போடலாம் என்று வந்த எண்ணத்தை அடக்கிக்கொண்டு, சீக்கிரமே அவர் மட்டும் ஊர் திரும்பினார். பொண்டாட்டியைத் தொலைத்துவிட்டு வந்த மனுஷன் என்று கம்பிக் காக்கைகள் முதற்கொண்டு பேசின. அவர் கொத்தனாரைக் கூப்பிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: வேலை தினமும் ராகு காலத்தில் மட்டும்தான் நடக்க வேண்டும்.

“ஏனுங்கண்ணா, மூளகீள கலங்கிப்போச்சுங்களா?” என்றார் கொத்தனார்.

“மத்த நேரத்துல எனக்குப் புதுசா எதாச்சும் ஆரம்பிக்கத் தோணிப்போகுதப்பா. ராகு காலத்துல அது முடியாதல்லொ” என்றார் நாச்சிமுத்து.

கொத்தனாருக்கு இது நியாயமாகப் பட்டது. தொழில் தோஷம் வராமலிருக்க, ராகு காலம் பிடிப்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே ஒரு கல்லை எடுத்து வைத்து வேலையைத் தொடங்கிவிடுவார், மீதியெல்லாம் தொடர்ச்சிதானே. திங்கட்கிழமை காலையிலும் ஞாயிற்றுக்கிழமை மாலையிலும், ஊரே கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கும் நேரத்தில், ஆரம்ப சூரர் வீட்டு மாடியில் மட்டும் கரண்டிச் சத்தம் கேட்டது. முதலில் சிரித்தவர்கள் பிறகு தங்கள் தங்கள் பாதிகளோடு அங்கே வந்து உட்கார ஆரம்பித்தார்கள். ஒருவர் நின்றுபோன கயிற்றுக் கட்டிலைப் பின்னினார், கட்சி மாறிப் பேச்சை நிறுத்திக்கொண்ட இரண்டு பங்காளிகள் விட்ட இடத்திலிருந்து திட்டிக்கொண்டு, அதைத் திட்டி முடித்து, ஒன்றாக வீட்டுக்குப் போனார்கள். கம்பிகள் காங்கிரீட்டுக்குள் மறைந்தன, காக்கைகள் பஞ்சாயத்தைப் பள்ளிக்கூடத்துக் கூரைக்கு மாற்றிக்கொண்டன.

கடைசி ஜன்னல் மாட்டிய அன்றைக்கு அவர் போன் செய்தார். “முடிஞ்சுதுங்களா?” என்றாள் ருக்குமணி. “முடிஞ்சுதுங்க” என்றார். பெண் பார்க்கப் போன நாளின் அந்த ஒரு கேள்வியைத் தவிர, அவளிடம் அவர் ‘ங்க’ போட்டது அதுதான் முதல் தடவை.

அவள் வந்தாள். வெள்ளிக்கிழமை அது. படியேறி மாடிக்குப் போய், சுவரைத் தடவிப் பார்த்தாள், ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்தாள், ஜன்னலுக்கு அடியில் தண்ணீர் அடிக்காமல் சிமெண்டில் திட்டு கட்டியிருந்ததையும் பார்த்தாள். கீழே ஊர் பாதி கூடியிருந்தது. நாச்சிமுத்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, பன்னிரண்டு தாண்டட்டும் என்று பொறுத்திருந்தார். தாண்டியது. பிறகு முதலிலிருந்து, புதிதாக, முழுதாகக் கேட்டார்.

“உங்களுக்கு என்னையப் புடிச்சிருக்குதுங்களா?”

ருக்குமணியின் தலை லேசாக ஒரு பக்கம் போனது. அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து கொத்தனார், “அண்ணா, காப்பி ஆறுது பாருங்க” என்று கத்தினார். நாச்சிமுத்து கையை உயர்த்தி அவரை அடக்கிவிட்டு, அந்தத் தலை போகிற வரைக்கும் போய், திரும்புகிற வரைக்கும் திரும்பி, நிற்கிற இடத்தில் நிற்கட்டும் என்று அசையாமல் காத்திருந்தார். அது நின்ற இடத்தைப் பார்த்த பிறகுதான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் குரல் கொடுத்தார்.

“ரெண்டு டம்ளரா மேல கொண்டாங்கப்பா.”